குண்டு கவர்னரும் நாலு மில்லி ஆம்பியரும்

நீலகிரியின் கிளென்மார்கனில் தேங்கும் தண்ணீர் பென்ஸ்டாக் குழாய்களில் இறங்கி சிங்காராவை அடைவதற்குள் தொள்ளாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தை இழந்துவிடுகிறது. கீழே அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 90 மடங்கு. அந்த அழுத்தத்தில் பீறிடும் நீர்த்தாரையைப் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் அடித்துத்தான் 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கோயம்புத்தூர் ஆலைகளின் வளர்ச்சிக்கு அந்த மின்சாரம் எவ்வளவு காரணம் என்று பலரும் எழுதியாயிற்று. அந்தச் சக்கரத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தது எது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆலை நின்றால் சுமை குறையும். சுமை குறைந்தால் சக்கரம் வெறிபிடித்து ஓடும். அன்றைய டர்பைன்களில் இதைக் கவனித்தது கவர்னர். சுழலும் தண்டோடு சேர்ந்து சுற்றும் இரண்டு இரும்புக் குண்டுகள் வேகம் கூடினால் விரிந்து மேலெழும். அந்த அசைவு ஓர் எண்ணெய் வால்வைத் திருப்பும். எண்ணெயின் அழுத்தம் நாசிலுக்குள் இருக்கும் ஊசியை முன்னே தள்ளி நீரைக் குறைக்கும். ஆனால் இவ்வளவு உயரத்திலிருந்து வரும் நீரைச் சட்டென்று நிறுத்தினால் குழாயே வெடித்துவிடும். அதனால் ஒரு தகடு முதலில் குறுக்கே வந்து நீரைச் சக்கரத்திலிருந்து விலக்கும். ஊசி பிறகு நிதானமாக மூடும். அளப்பது, முடிவெடுப்பது, தள்ளுவது மூன்றும் கண்முன்னால், ஒரே இயந்திரத்துக்குள் நடந்தன. நடுவில் மின்கம்பி கிடையாது.

மற்றதெல்லாம் மனிதர் பாடு. பேரிங் சூடாகிறதா என்று கைவைத்துப் பார்ப்பார்கள், டயல் தெர்மாமீட்டரைப் படிப்பார்கள், மணிக்கொரு தரம் லாக் ஷீட்டில் எழுதுவார்கள். சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலே ஷிப்டில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

1960-களில் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் உதவியோடு குந்தா நிலையங்கள் எழுந்தபோது தொலைவு என்ற சிக்கல் பெரிதானது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் ஒருபுறம். குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிலையங்கள் மறுபுறம். மேலே ஓட்டிய தண்ணீர்தான் கீழேயும் ஓட்டுகிறது. அணையில் எத்தனை அடி என்று ஒருவர் அளவுகோலைப் படித்துத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதே, அந்த மாதிரி நாளில் யார் போய்ப் படிப்பது?

இன்றைய நிலையங்களில் அந்த வேலையைச் செய்வது உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய மின்னணுக் கார்டு. நீர்மட்டமோ, எண்ணெய் அழுத்தமோ, பேரிங் வெப்பமோ எதுவானாலும் உணர்கருவி அதை 4 முதல் 20 மில்லி ஆம்பியருக்குள் ஒரு மின்னோட்டமாக்கி அனுப்பும். உள்ளீட்டு அனலாக் கார்டு அதை 250 ஓம் தடையின் வழியாக 1 முதல் 5 வோல்ட்டாக்கி, எண்ணாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும். 12 பிட் கார்டு என்றால் 4096 படிகள். கணினி முடிவெடுத்ததும் வெளியீட்டுக் கார்டு அதே 4–20 வரம்புக்குள் ஒரு மின்னோட்டத்தை எண்ணெய் வால்வுக்கு அனுப்பும். வேகத்தை அறிவதும் குண்டுகள் அல்ல. தண்டிலுள்ள பல்சக்கரத்தின் பற்களை எண்ணும் உணர்கருவி. ஊசியைத் தள்ளுவது மட்டும் இன்றும் எண்ணெய்தான்.

பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் ஏன் 4? இதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அணை வறண்டிருந்தாலும் 4 வரும். ஒன்றுமே வரவில்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது கருவி செத்துவிட்டது. கையால் தொட்டுப் பார்த்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. கம்பியை நம்பத் தொடங்கியபின் 'பூஜ்யம்' வேறு, 'தெரியவில்லை' வேறு என்று பிரித்தாக வேண்டும்.

ஆனால் கார்டுக்குத் தெரியாத பொய் ஒன்று உண்டு. உணர்கருவியை 0–200 டிகிரிக்கு அமைத்துவிட்டு, கார்டில் 0–150 என்று பதிந்துவிட்டால், பேரிங் உண்மையில் 100 டிகிரியில் கொதிக்கும்போது கம்பியில் 12 மில்லி ஆம்பியர் ஓடும். திரை 75 என்று சாதிக்கும். கம்பி அறவில்லை, கருவி சாகவில்லை, எச்சரிக்கை மணியும் அடிக்காது. கையை வைத்தவருக்கு இந்தப் பிழை வந்திருக்காது, தோல்தான் உரிந்திருக்கும்.

நீலகிரியின் மூடுபனியும் இடியும் வேறு தலைவலிகள். பனி கார்டில் நீர்ப்படலமாகப் படியாமலிருக்க மேலே பூச்சு வேண்டும், பேனலுக்குள் சிறு ஹீட்டர் வேண்டும். அணையிலிருந்து வரும் நீண்ட கம்பி மின்னலின் அதிர்ச்சியையும் சேர்த்தே கொண்டுவரும். தடுப்பு இல்லையென்றால் கார்டில் அந்தக் கம்பி சேரும் சேனல் போயிற்று. இதைவிடப் பெரிய குறை ஆயுள். குண்டு கவர்னரில் தேய்ந்த பாகத்தைப் பட்டறையில் கடைந்து போட்டு ஐம்பது வருடம் ஓட்டலாம். கார்டின் கதை பதினைந்து, இருபது வருடம். அதற்குள் அதைச் செய்தவர்களே உற்பத்தியை நிறுத்திவிடலாம், உதிரி கிடைக்காமல் முழுப் பேனலையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அதற்காகப் பழையபடி குண்டுகளுக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லமாட்டேன். போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி–எமரால்டு அணைகளுக்கும் இடையே 500 மெகாவாட்டில் அமையும் குந்தா நீரேற்று மின்நிலையத்தில் ஒரே இயந்திரம் இறங்கும் நீரில் மின்சாரம் தரும். உபரி மின்சாரம் இருக்கும்போது எதிர்த்திசையில் சுழன்று அதே நீரை மேலேற்றும். அங்கே சில நிமிடங்களில் திசை மாற்ற வேண்டும். அந்தக் கணக்கு குண்டுகளுக்கு எட்டாது.