மகாராணாவின் பெட்டியும் மாமியாரின் அலமாரியும்

1877-ஆம் வருஷம். உதயப்பூர் மகாராணா சஜ்ஜன் சிங்குக்கு அப்போது 18 வயதுதான் இருக்கும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஆஸ்லர் கம்பெனி என்று பேர் பெற்ற கண்ணாடிக் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே ஆர்டர் கொடுத்துவிட்டார், இளம் மகாராணா. கிண்ணமும் குடுவையும் மட்டும் கேட்டாரா? கண்ணாடி நாற்காலி, கண்ணாடி சோபா, கண்ணாடி மேஜை, ஏன், கண்ணாடிக் கட்டில்கூட வேண்டும் என்றார்! எல்லாம் பட்டை தீட்டிய உயர்ந்த ரக 'கிரிஸ்டல்'.

சாமான்கள் உதயப்பூர் வந்து சேருவதற்குள், 1884-இல் மகாராணா காலமாகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 25. வந்த பெட்டிகள் வந்தபடியே ஒரு பக்கத்தில் அடுக்கப்பட்டன. எத்தனை காலம் என்கிறீர்கள்? 110 வருஷம்! அதற்குப் பிறகுதான் பெட்டிகளைப் பிரித்து, பதே பிரகாஷ் அரண்மனையில் காட்சிக்கு வைத்தார்கள். இன்று ஊர் பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தக் கட்டிலைப் பார்க்கிறார்கள்.

மகாராணா வீட்டுக் கதை நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். மேல் தட்டில், பின்னால், கலியாணத்துக்கு வந்த 'லெமன் செட்' இருக்கிறதா இல்லையா? ஒரு ஜக், ஆறு டம்ளர். சிலர் வீட்டில் மூன்று செட் உண்டு. ரிசப்ஷனில் மூன்று பேர் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள்! அதோடு மாமனார் காலத்துக் குடுவை ஒன்று, கல்கண்டு வைக்கிற பட்டைக் கிண்ணம் ஒன்று. எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, போகிக்கு, துடைத்துத் திரும்ப வைக்கிறோம்.

இந்த விஷயத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் மோதிக்கொண்டதைப் பொதட்டூர்பேட்டையில் பார்த்தேன். திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் நெசவாளர் ஊர் அது. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் தேதி சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததே, அப்போது இந்த ஊரும் நம் பக்கம் வந்தது. ஆனாலும் வாசலில் தமிழும் கொல்லையில் தெலுங்குமாகப் பேசுகிற வீடுகள் அங்கே இன்றும் உண்டு. நான் போன வீட்டில் தறிச் சத்தம் நின்று பல வருஷமாகிறது. பெரியவர் அந்தக் காலத்தில் லுங்கி மூட்டையோடு சென்னைக்குப் போவாராம். சரக்கை விற்றுவிட்டு, திரும்பும்போது மூர் மார்க்கெட்டில் ஒரு சுற்று. வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்தபோது அவர்கள் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்து, பழைய சாமான் கடைகளில் கிடந்த காலம். மூடி போட்ட குடுவை ஒன்று, சின்னக் கிளாஸ் ஆறு, மூடியுள்ள ஜாடி ஒன்று, அகலக் கிண்ணம் ஒன்று என்று வாங்கி, துண்டில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். (அந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தே போயிற்று.)

"வித்துடலாம் அத்தை. யாருக்கு உபயோகம்? புள்ளை ஓடி வந்து இடிச்சா என்ன ஆகும்?" என்கிறாள் மருமகள். அவளுடைய குழந்தைக்கு இரண்டு வயது. அலமாரிக் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

"உங்க மாமா மடியில வச்சு எடுத்தாந்தது. நான் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்மா. அப்புறம் உங்க இஷ்டம்" என்கிறார் மாமியார். அவரும் சும்மா இருக்கவில்லை. 'உபயோகமில்லை' என்ற சொல்லுக்குப் பதில் சொல்வது போல, மூடி போட்ட ஜாடியில் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு வைத்துவிட்டார். குடுவையில் நன்னாரி சர்பத். பார்க்க எத்தனை அழகு! வெயில் பட்டதும் ஜாடியின் பட்டைகளில் ஏழு வண்ணமும் தெறிக்கிறது.

அந்த ஏழு வண்ணத்தில்தான் சங்கடமே இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு இவற்றை உருக்கிச் செய்வது. லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் தெளிவான புது ரகக் கண்ணாடிக்கு 1674-இல் காப்புரிமை பெற்றார். சில வருஷத்துக்குள் அந்தக் கலவையில் ஈயத்தின் ஆக்ஸைடைச் சேர்த்துப் பக்குவம் கண்டார். ஈயம் சேர்ந்தால் கண்ணாடி கனக்கும். பட்டை தீட்ட எளிதாக இருக்கும். ஒளியை அதிகமாக வளைத்துப் பிரிக்கும். அதனால்தான் அந்த ஜொலிப்பு. ஐரோப்பாவில் 1969-இல் வந்த சட்டப்படி, 'ஈயக் கிரிஸ்டல்' என்று சொல்லிக்கொள்ள நூற்றுக்கு 24 பங்காவது ஈய ஆக்ஸைடு இருக்க வேண்டும். உயர்ந்த ரகத்தில் 30 பங்கு. கையில் இருக்கும் கிண்ணத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு ஈயச் சரக்கு! ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் உள்ளே பார்க்கிற ஜன்னலுக்கும் ஈயக் கண்ணாடிதான் போடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்குள் அடங்கியிருக்கும் ஈயம் சும்மா கிடக்கும்போது ஒன்றும் செய்யாது. புளிப்போ சாராயமோ பட்டு, நாளும் ஆகும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும். 1991-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். கிரிஸ்டல் குடுவைகளில் திராட்சை மதுவை ஊற்றி நான்கு மாதம் வைத்தார்கள். லிட்டருக்கு 2,000 மைக்ரோகிராமிலிருந்து 5,000 மைக்ரோகிராமுக்கு மேல்கூட ஈயம் ஏறியிருந்தது. இது எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? குடிதண்ணீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு அளவு.

நம் வீட்டில் மதுவா வைக்கப் போகிறோம் என்பீர்கள். வைக்க வேண்டாம், எலுமிச்சங்காய் ஊறுகாய் போதும்! புளிப்பு, உப்பு, மாதக் கணக்கில் ஊறல் என்று ஈயத்தைக் கரைக்க எதெல்லாம் தோதோ அதெல்லாம் அதில் இருக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்த சர்பத்தும் அப்படியே. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்தால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் போகும். இந்த அளவு வரை பயமில்லை என்று சொல்ல எந்த வைத்தியரும் தயாராக இல்லை. அதனால், சகோதரிகளே, விற்பதா வேண்டாமா என்ற பேச்சு அப்புறம் இருக்கட்டும். கிரிஸ்டல் ஜாடியில் ஊறுகாயோ, தேனோ, சர்பத்தோ, பழரசமோ இருந்தால் இன்றைக்கே கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், வீட்டு ஊறுகாயாயிற்றே! மாற்றி வேறு பாட்டிலில் வைத்தாலும் பிரயோசனமில்லை; கரைந்தது கரைந்ததுதான். விருந்தாளிக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுத்து உடனே கழுவி வைப்பதால் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது. குழந்தைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அதுவும் வேண்டாம்.

சரி, நம் வீட்டில் இருப்பது கிரிஸ்டலா, சாதாரணக் கண்ணாடியா? லெமன் செட்டுகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரணக் கண்ணாடிதான், பயமில்லாமல் உபயோகிக்கலாம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறதா என்று பாருங்கள். காலியாக வைத்து விளிம்பை விரல் நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். கோயில் மணி ஓய்ந்த பிறகும் கேட்கிற ரீங்காரம் போல ஒலி நீண்டால் ஈயம் இருக்கக்கூடும்; 'டப்' என்று அடங்கினால் சாதாரணம். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய தையல் கோடு தெரிந்தால் அச்சில் அழுத்திச் செய்தது. பட்டை தீட்டியதன் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். அச்சில் வார்த்தது மழுங்கலாக இருக்கும். இப்போது ஈயமே சேர்க்காத கிரிஸ்டலும் கடைகளில் வருகிறது; பெட்டியில் அப்படி எழுதியிருக்கும். பழையதில் எழுத்து ஏது? சந்தேகமாக இருந்தால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விற்பனைக்கு வருவோம். பொதட்டூர்பேட்டை மருமகள் முதலில் காட்டியது தெருவில் வந்த பாத்திரக்காரரிடம். மொத்தச் சாமானுக்கும் சேர்த்து இரண்டு எவர்சில்வர் டப்பாவும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் தருவதாகச் சொன்னாராம்! காயலான் கடைக்காரர் அதற்கும் மேலே போய், "பாட்டில்னா எடுப்பேம்மா, இது வேணாம்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயமுண்டு. ஈயக் கண்ணாடியைச் சாதாரணப் பாட்டிலோடு சேர்த்து உருக்க முடியாது.

விலை போகிற பழஞ்சாமான் எது என்று தெரிய வேண்டுமானால் காரைக்குடிக்குப் போக வேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்த நகரத்தார் குடும்பங்கள் தேக்கும் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் சரவிளக்குகளுமாகக் கொண்டுவந்து வீடு நிரப்பினார்கள். பெண்ணுக்குச் சீர் கொடுத்த பாத்திரங்களே ஓர் அறை கொள்ளாது. யுத்தத்துக்குப் பிறகு பர்மாத் தொழில் போயிற்று; பிள்ளைகள் ஊர் ஊராகப் பிரிந்தார்கள்; பெரிய வீடுகள் பூட்டப்பட்டன. தூணும் கதவும் விளக்கும் ஜாடியும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கடைகளில் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அடியில் கம்பெனி முத்திரை உண்டா, செட் முழுசா, விளிம்பில் விரலை ஓட்டினால் சில் பெயர்ந்த இடம் தட்டுப்படுகிறதா என்று. ஆறில் ஒன்று உடைந்தால் மீதி ஐந்துக்கும் மதிப்புக் குறைந்துவிடும். நம்மிடம் வாங்கும் விலைக்கும் அங்கே சீட்டு ஒட்டி வைக்கும் விலைக்கும் உள்ள தூரத்தைக் கண்டு கோபித்துக்கொள்ளாதீர்கள். வாங்க ஆள் வரும்வரை அவர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமே. ஆனால் ஒரே இடத்தில் கேட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். எடை போட்டு விலை சொல்கிறவரிடம் கொடுக்கவே வேண்டாம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளாக இருந்தால் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். அமெரிக்காவிலிருக்கும் மகளுக்குத்தானே என்று அனுப்பிவிட முடியாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முத்திரையுள்ள முழு செட் இருந்து, வீட்டில் யாருக்கும் அதன்மேல் பிரியமில்லை என்றால் விற்றுவிடுவதே நல்லது. ஒற்றைக் கிண்ணமும் சில் பெயர்ந்த குடுவையும் விற்றுக் கிடைக்கும் பணம் ஒரு வாரக் கறிகாய்க்குக் காணாது. அவற்றை வீட்டிலேயே வேறு வேலைக்குத் திருப்பலாம்.

அகலக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுச் செவ்வந்தியும் அரளியும் மிதக்க விட்டுக் கூடத்து மேஜையில் வைத்துப் பாருங்கள். நவராத்திரிக்குக் கொலுவில் மலை கட்டுகிறோம் அல்லவா? கேழ்வரகு முளைக்கவிட்ட மலையின் அடிவாரத்தில் இந்தக் கிண்ணத்தைப் பதித்தால் அதுவே தெப்பக்குளம். ஆடிக் கிருத்திகைத் தெப்பத்தைத் திருத்தணி சரவணப் பொய்கையில் பார்த்தவர்கள் ஒரு குட்டித் தெப்பமும் செய்து விடுவார்கள். சின்னக் கிளாஸ்களில் ஹேர்பின், பொத்தான், ஊசி நூல் வைக்கலாம். கொழுத்தும் திரியை மட்டும் விளிம்பருகே விடாதீர்கள். சூடு ஒரு பக்கம் ஏறினால் கனத்த பட்டைக் கண்ணாடி படீரென்று விடும். கொதிக்கிற பாயசத்துக்கும் அதே கதிதான். கழுவும்போது தொட்டித் தரையில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு போதும். புளியும் சாம்பலும் ஆகாது. குடுவையின் அடியில் படிந்த வெள்ளைக்கு ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள். அந்த அரிசியைக் கோழிக்குப் போடாதீர்கள்!

பொதட்டூர்பேட்டை வீட்டில் ஊறுகாயைக் கொட்டுவதற்குத்தான் நேரமாயிற்று. மாமியார் முதலில் நம்பவில்லை. "இத்தனை நாளா தின்னோமே, எங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். மருமகள் எதிர்வாதம் பேசவில்லை. "நமக்கு இல்ல அத்தை, இவனுக்குத்தான்" என்று குழந்தையைக் காட்டினாள். ஜாடி கொல்லைக்குப் போயிற்று. காலியாகத் திரும்பி வந்தது. புது ஊறுகாயைச் சாதாரணக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டார்கள்.

ஆறு கிளாஸில் இரண்டைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மீதி நான்கையும் இரண்டு பெண்களுக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்துவிட்டார் மாமியார். செட்டைப் பிரித்தால் விலை போகாதே என்றேன். "விக்கிறதா இருந்தாத்தானே?" என்றார். குடுவை விலைக்குப் போக வேண்டும் என்று மருமகள் சொன்னதற்கு அவர் மறுக்கவில்லை. முத்திரை இருக்கிறதா என்று இருவருமாக வாசல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடி போட்ட ஜாடி மட்டும் பெரியவரின் மூக்குக் கண்ணாடி, பழைய கணக்குச் சாவி, பித்தளைப் பேனா மூடி எல்லாம் உள்ளே போட்டு, குழந்தைக்கு எட்டாத தட்டில் உட்கார்ந்திருக்கிறது.