ஜொகூர் ஆற்றங்கரைப் புதையல்

“பக்கத்துத் தோட்டத்தில் புதையல் கிடைத்ததாம்” என்று ஒருவர் சொன்னால் போதும், லயத்து வாசலில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். பழைய கோயில் மேட்டில் பொற்குடம், ஜப்பான்காரன் புதைத்துவிட்டுப் போன தங்கக் கட்டி என்று கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. நம் ஜொகூர் மண்ணில் உண்மையிலேயே புதையல் உண்டா? உண்டு. அது என்ன, எங்கே என்று பார்ப்போம்.

எரிந்த தலைநகரம்

1511-ல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். மலாக்கா சுல்தானின் வழிவந்தோர் பிறகு ஜொகூர் ஆற்றங்கரையில் அரசு நடத்தினார்கள். கோத்தா திங்கி வட்டாரத்தில் இருக்கும் ஜொகூர் லாமா அவர்களுடைய தலைநகரங்களில் ஒன்று. 1587-ல் போர்த்துக்கீசியப் படை அதைத் தாக்கி எரித்தது.

அந்நாளில் இந்தக் கடல் வழியே போன செல்வம் கொஞ்சநஞ்சமல்ல. 1603-ல் ஜொகூர் ஆற்று முகத்துவாரத்தருகே டச்சுக்காரர்கள் ‘சாந்தா கத்தரீனா’ என்ற போர்த்துக்கீசியக் கப்பலைப் பிடித்தார்கள். அதிலிருந்த பட்டும் பீங்கானும் மற்றச் சரக்கும் முப்பது லட்சம் கில்டருக்கு மேல் விலைபோயின.

காசும் மணியும்

ஜொகூரில் சுங்க அதிகாரியாக இருந்த ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர், ஆற்றங்கரையில் கிடைத்த சிறு பொற்காசுகளையும் கண்ணாடி மணிகளையும் தேடிச் சேர்த்தார். பழங்கால ரோமாபுரிக்கும் மலாயாவுக்கும் கடல் தொடர்பு இருந்ததற்கு இந்த மணிகளே சாட்சி என்று 1937-ல் எழுதினார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. மணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காலம் சொல்வது கடினம். எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரிய வேண்டும்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டைப் பாருங்கள். 1945-ல் அங்கே அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், அடுக்கடுக்காகக் குறித்துக்கொண்டே தோண்டினார். ரோமானிய மண்பாண்டம் கிடந்த அடுக்கை வைத்து, அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பொருள்களுக்கும் காலம் கணித்தார். உடைந்த ஓடுதான்! ஆனால் தமிழர் ரோமாபுரியோடு செய்த வாணிகத்துக்கு அது சாட்சி சொன்னது.

தேடும் கருவிகள்

மண்வெட்டியும் சல்லடையும் பழைய கருவிகள். இன்று உலோகம் காட்டும் கருவி வந்திருக்கிறது. அதிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடும்போது காந்தப் புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அந்தப் புலம் மாறும், கருவி ஒலி எழுப்பும். தொலைபேசி கண்ட கிரகாம் பெல், 1881-ல் அமெரிக்க அதிபர் கார்பீல்டின் உடம்பில் பாய்ந்த குண்டைத் தேட இந்த முறையைத்தான் கையாண்டார்.

கடலடியைத் தேட ஒலியலைக் கருவி உதவுகிறது. நம் டெசாரு கடற்கரைக்கு அப்பால் 2001-ல் கண்டுபிடிக்கப்பட்ட சீனக் கப்பல் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் இருந்தது தங்கமல்ல, பீங்கான் சாமான்கள்!

ஆசையும் ஆபத்தும்

நாள் முழுதும் பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைப்பவனுக்கு, ஒரே இரவில் கடன் தீரும் என்ற நினைப்பு இனிக்கத்தான் செய்யும். அதைத் தெரிந்துதான் மந்திரவாதிகள் வருகிறார்கள். முதலில் எலுமிச்சம்பழம், பிறகு சேவல், அப்புறம் ரொக்கம். பூதம் விலகவில்லை என்று மறுபடியும் பணம். கடைசியில் மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும். மந்திரவாதி ஊரை விட்டே போய்விடுவார்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. போர்க்கால வெடிகுண்டுகள் இன்னும் நம் நாட்டு மண்ணில் அகப்படுகின்றன. துருப்பிடித்த இரும்பு தானே என்று தட்டிப் பார்க்க வேண்டாம். விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

பழம்பொருள் ஏதும் கிடைத்தால் மறைத்து வைப்பது குற்றம். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

பெற்றோரே, கால்வாய் வெட்டும்போது உங்கள் பிள்ளை ஒரு மணியோ ஓடோ எடுத்துவந்தால் தூக்கி எறியாதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரவில் ரகசியமாகத் தோண்டி விற்றால் நாலு காசு கிடைக்கலாம். அதோடு அதன் வரலாறும் அழிந்துபோகும். இடத்தோடு குறித்துக் கொடுத்தால், ஒரு சிறு மணிகூட நம் நாட்டுக் கதையைப் பேசும்.