மந்திரமே இல்லாத கல்யாணம் செல்லுமா? மதுரைச் சீமை எழுதிய சட்ட வரலாறு தெரியுமா?

சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம் நடக்கும் நேரத்தில் கூடியிருக்கும் சுமங்கலிகள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். இது மதுரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மனிதர்களின் கல்யாணத்தில் அரசாங்கம் எதுவரை தலையிடலாம் என்ற வழக்கைத் தீர்த்துவைத்ததில் இந்த மதுரைக்கும் சுற்றியுள்ள கரிசல் பூமிக்கும் எவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது தெரியுமா?

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்றொரு கிராமம். 1928-இல் பெரியார் முன்னின்று நடத்திய முதல் சுயமரியாதைத் திருமணம் அங்கேதான் நடந்தது! புரோகிதர் இல்லை, ஹோமம் இல்லை, ஏழடி வைக்கும் சப்தபதி இல்லை. ஊர் கூடி வாழ்த்தியது, கல்யாணம் முடிந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதே வழியில் போயின. இனிமேல்தான் அதிர்ச்சி! 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், இந்த முறையில் நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. பிள்ளை குட்டியோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தியவள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றால், அவள் பிள்ளைகளின் சொத்துரிமை என்னாவது? சடங்கு இல்லாததால் குடும்பமே இல்லை என்று ஆகிவிடுமா?

1967-இல் முதலமைச்சர் அண்ணா அதற்குப் பதில் சொன்னார். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்றே 7-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உற்றார், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தாலே போதும்! அதைவிட வியப்பு, அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அந்தச் சட்டம் பின்தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது. ஆனாலும் ஐயரை அழைத்து அக்னி வளர்ப்பவர்களை அது தொடவே இல்லை. ஒரு சட்டம் தன் எல்லை தெரிந்து நடந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

எல்லை தெரியாத சட்டம் எப்படி இருந்தது தெரியுமா? 1872-ஆம் ஆண்டுச் சிவில் திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால், நான் இந்து அல்ல, முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவன் அல்ல, பௌத்தன் அல்ல, சமணன் அல்ல என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும்! விரும்பியவரைக் கட்டிக்கொள்ள அரசாங்கத்தின் முன் சாமியைக் கைவிட வேண்டும். 1954-இல் வந்த சிறப்புத் திருமணச் சட்டம் அந்தக் கொடுமையை ஒழித்தது. ஆனால் 30 நாள் அறிவிப்பு இன்றும் இருக்கிறது. மணமக்கள் விவரம் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும். சாதி மறுத்துக் கட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு தாள் உயிருக்கே உலை வைக்கலாம். அரசின் கை இங்கே தேவைக்கு மேல் நீள்கிறது என்பது என் உறுதியான கருத்து.

யானைமலை ஒத்தக்கடை வழியாகப் போகிறீர்களா? மேலூர் சாலையில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2004-இல்தான் திறக்கப்பட்டது. அதற்குள் அது செய்திருப்பதைக் கேளுங்கள்! தூத்துக்குடியில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் கோயிலில் மணந்தார்கள். பதிவு அலுவலகம் பதிய மறுத்தது. 2019 ஏப்ரலில் இந்தக் கிளை, திருநங்கையும் மணமகளே, பதிவு செய்யுங்கள் என்று தீர்ப்பளித்தது. 2022-இல் வந்த வழக்கு இன்னும் விசித்திரம். குமரி மாவட்டத்துப் பெண், அமெரிக்காவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. அவர் நேரில் வந்தும் காரியம் நடக்காமல் லீவு முடிந்து திரும்பிவிட்டார். மூன்று சாட்சிகள் முன்னிலையில் வீடியோவிலேயே கல்யாணத்தை நடத்திப் பதியுங்கள் என்றது நீதிமன்றம்!

2023-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. வக்கீல் அலுவலகத்தில் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014-இல் சென்னையில் வந்திருந்த தீர்ப்பு தவறு என்றது. வக்கீலும் ஒரு நண்பராக நின்று கல்யாணத்தை நடத்திவைக்கலாம். வீட்டின் எதிர்ப்புக்குப் பயந்து நிற்பவர்களைப் பத்துப் பேர் அறிய மணந்தால்தான் செல்லும் என்று கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது நீதிபதிகளின் கவலை.

அப்படியானால் அரசு எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கி நிற்க வேண்டுமா? கூடவே கூடாது! 1939 ஜூலை 8, மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், சாதியின் பெயரால் அதுவரை தடுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்ட தோழர்களை அழைத்துச் சென்றார். எதிர்த்தவர்கள் வழக்கு, வம்பு என்று கிளம்ப, ராஜாஜி அரசு உடனே அவசரச் சட்டம் போட்டு நுழைந்தவர்களையும் அதற்குத் துணைநின்றவர்களையும் காத்தது. 1949-இல் சென்னை மாகாணம் இந்துக்களின் இருதார மணத்தைத் தடை செய்தது. மத்திய அரசின் இந்து திருமணச் சட்டம் வந்ததே 1955-இல்தான்! அடைத்த கதவைத் திறக்கவும், ஏமாந்த பெண்ணைக் காக்கவும் அரசு வரத்தான் வேண்டும். ஆனால் 2002-இல் தமிழ்நாடு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், மாற்றும் சடங்கை நடத்தியவர் கலெக்டருக்குத் தகவல் தர வேண்டும் என்றது. ஒருவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்ற கணக்கு கலெக்டருக்கு எதற்கு? அதைக் கொண்டுவந்த ஜெயலலிதா அரசே 2004-இல் திரும்பப் பெற்றது.

உங்கள் வீட்டில் அண்மையில் கல்யாணம் நடந்ததா? எந்த மதம், எந்தச் சடங்கு என்றாலும் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். அலுவலகத்தில் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.