பழசு ஓடும் – 9: செல்ஃப் மேல் பழி போடாதீர்கள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் பேச்சு மூச்சில்லை. அம்பாசடர்காரர்கள் உடனே சொல்லும் தீர்ப்பு, "செல்ஃப் போச்சு." நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி மாட்டி, அதுவும் 'டக்' என்பதை ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி பார்க்கலாம்.

ஹெட்லைட் எரிகிறது, அதனால் பேட்டரியில் குறையில்லை என்பார்கள். ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர் அளவு போதும். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்ற 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; சுற்ற முடியாமல் திணறினால் 300-ஐத் தாண்டும். அத்தனை கரன்ட்டும் பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். எஞ்சினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் பாடியையும் இணைப்பது ஒரே ஒரு பின்னல் எர்த் ஒயர். அது துருவேறினால் கரன்ட் சோக் கேபிள் வழியாகப் புகுந்து போகப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் குற்றவாளி எர்த் ஒயர்தான். மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் உலோகத்திலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரை மாற்றுங்கள்.

இன்னொரு காரணம், மோட்டாரின் பல்சக்கரமான பென்டிக்ஸ் பினியன் எஞ்சின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் கடித்துக்கொண்டு நிற்பது. சாவியை அணைத்து, டாப் கியர் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால், மோட்டாரின் பின்முனையில் உள்ள சின்ன மூடியைக் கழற்றுங்கள். உள்ளே தண்டின் முனை சதுரமாக இருக்கும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பினியன் கழன்றுகொள்ளும். மோட்டாரை வடிவமைத்த லூகாஸ்காரர்கள் இதற்கென்றே வைத்த ஏற்பாடு அது. நம்மில் பலர் அந்த மூடியைக் கண்டதேயில்லை.

பினியனுக்கு கிரீஸ் வைப்பது நம்மூர்ப் பாசம். கிளட்ச் தூசி அதில் ஒட்டிப் பசையாகிவிடும். பினியன் நகராது, மோட்டார் மட்டும் 'விர்' என்று சுற்றும். மண்ணெண்ணெயில் கழுவி உலரவிட்டால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் மோட்டார்தான் என்றால், கழற்றலாம். முதல் வேலை பேட்டரியின் எர்த் முனையை எடுப்பது. செல்ஃப் ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் பாடியில் உரசினால் வெல்டிங் போலப் பொறி பறக்கும். மோட்டாரைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். மேல் போல்ட்டுக்குக் கை எட்டும். கீழ் போல்ட்டுக்கு வண்டிக்கு அடியில்தான் படுக்க வேண்டும். ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். கடைசி போல்ட் வருமுன் மோட்டாரை ஒரு கையால் தாங்குங்கள். நல்ல கனம், முகத்தில் விழும்.

ஓட்டை வழியே டார்ச் அடித்து ரிங் கியரையும் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் நிற்கும். அதனால் பற்களும் அங்கேதான் தேயும். தேய்ந்த பல்லோடு புது மோட்டார் 'கரகர'வென்றுதான் கத்தும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய மோட்டாரில் காந்தப்புலம் காயிலில் உண்டாவது. பேட்டரி முனைகளை மாற்றினாலும் ஒரே திசையில்தான் சுற்றும். இப்போது வரும் சின்ன மோட்டார்களில் பல, நிலைக்காந்தம் வைத்தவை. பாசிட்டிவ் எர்த் உள்ள பழைய பிரிட்டிஷ் வண்டியில் அவற்றை மாட்டினால் தலைகீழாகச் சுற்றும். கடையில் பினியனின் பற்களை எண்ணிப் பார்த்து, பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே வாங்குங்கள்.

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனால் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் செய்த பழைய மோட்டார்கள் இன்னும் ஓடுகின்றன. கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினால் பெரும்பாலானவை எழுந்துவிடும். ஆகவே, கழற்றிய மோட்டாரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் சரிசெய்து, டிக்கியில் போட்டு வையுங்கள்.