கால் தொங்கினால் இடுப்பு வலிக்கும்!

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்தில் அம்மா வீட்டுக்கு 40 கி.மீ. பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போய் இறங்கினால் கால் மரத்து, இடுப்பு பிடித்துக்கொள்ளும். வயசாயிட்டுது போலன்னு நினைத்து, போவதையே குறைத்துக்கொண்டேன். மெக்கானிக் தம்பிதான், "அக்கா, கட்டை சின்னது. ஒரு கால் தொங்குது, அதான் வலி" என்று, இரண்டு பாதமும் பதிகிற 'லேடீஸ் ஃபுட்ரெஸ்ட்' மாட்டிக்கொடுத்தார். இப்போது வலியில்லை.

தோழிகளே, வண்டியில் உட்கார்ந்து பார்த்தே வாங்குங்கள். பாதம் முழுசாகப் பதிய வேண்டும். வழுக்காமலிருக்க ரப்பர் பதித்ததாக இருக்கட்டும். கைப்பிடி, கால் வைக்கும் இடம், சேலை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் பைக்கில் இருக்க வேண்டும் என்கிறது 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதி. கழற்ற விடாதீர்கள்!

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.