பொதுப் பட்டறையில் ஆர்கான் வெல்டிங்: மெஷினைத் தொடும் முன்



மாடிப்படிக்குக் கைப்பிடி, ஓட்டல் சமையலறைக்கு மேஜை, பள்ளிவாசலில் ஒளு செய்யும் இடத்துக்குக் கம்பி என்று எவர்சில்வர் வேலை எதுவானாலும் நம் பக்கத்தில் 'ஆர்கான் வெல்டிங்' எங்கே என்றுதான் கேட்கிறோம். அதன் தொழில் பெயர் டிக் வெல்டிங். (டி.ஐ.ஜி. என்று புள்ளி வைத்து எழுதினால் போலீஸ் அதிகாரி நினைவுக்கு வருகிறார். ஆகவே டிக் என்றே எழுதுகிறேன்.) நமது பொதுப் பட்டறையில் இந்த மெஷின் பல பிள்ளைகளின் கைக்கு மாறி மாறிப் போகப்போகிறது. சொந்தப் பட்டறைக்காரருக்குத் தம் மெஷினின் குணம் தெரியும். பொதுப் பட்டறையிலோ நேற்று யார் எதை மாற்றி வைத்தார் என்று தெரியாமலே இன்று ஒருவர் சுவிட்சைப் போடுவார். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. வேலை செய்யும் தம்பிகள் மட்டுமல்லாமல் அவர்கள் வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ராடே உருகி இணைப்பாகிறது. அதன் மேல்பூச்சு எரிந்து, உருகிய இரும்பைக் காற்று தீண்டாமல் காக்கிறது. டிக்கில் டார்ச்சின் நுனியில் உள்ள டங்ஸ்டன் ஊசி உருகுவதில்லை. அது தீப்பொறியை மட்டும் தாங்குகிறது. ஃபில்லர் கம்பியை மற்றக் கையால் கொடுக்கிறோம். காற்றைத் தடுக்கும் வேலை முழுவதும் ஆர்கான் வாயுவுடையது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர் மெக்னீசியத்தை ஒட்டுவதற்காக இம்முறையை உருவாக்கினார். அப்போது பயன்படுத்தியது ஹீலியம்.

முதலில் கரண்ட். 200 ஆம்பியர் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் மெஷின் முழு வேகத்தில் 30 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். வீட்டு 15 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், சரியான எர்த் மூன்றும் இல்லாமல் மெஷினை ஓட்டக் கூடாது.

அடுத்தது கேபிள். டிக்கில் இரும்புக்கும் எவர்சில்வருக்கும் டார்ச் மைனஸில், எர்த் கிளாம்ப் பிளஸில் இருக்க வேண்டும். இதே மெஷினில் ராட் வெல்டிங்கும் செய்யலாம். அப்போது பெரும்பாலும் ராடைப் பிளஸில் மாட்டுவார்கள். மாலையில் ஒருவர் அப்படி மாற்றிவிட்டுப் போனால், மறுநாள் காலையில் டிக் செய்ய வருபவரின் டங்ஸ்டன் சில நொடிகளில் உருண்டையாக உருகிவிடும். அவர் மெஷினைக் குறை சொல்வார். எனவே முந்தைய ஆள் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் கேபிளைப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது நல்ல தொடக்கக் கணக்கு. எவர்சில்வருக்குச் சற்றுக் குறைவே போதும். 304 வகைக்கு 308 எல் ஃபில்லர், 316 வகைக்கு 316 எல், எவர்சில்வரைச் சாதா இரும்போடு சேர்க்க 309 எல். அலுமினியத்துக்கு ஏசி வசதியுள்ள மெஷின் வேண்டும். டிசி மட்டும் உள்ள மெஷினில் அதை முயன்று பொருளைக் கெடுக்க வேண்டாம்.

டங்ஸ்டனில் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிவப்பு முனையில் 2 சதவீதம் தோரியம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள அதே கதிரியக்கத் தாதுதான். கையில் வைத்திருப்பதால் பெரிய கேடில்லை. கிரைண்டரில் தீட்டும்போது பறக்கும் தூசு நெஞ்சுக்குள் போவதுதான் கேடு. பத்துப் பேர் தீட்டும் பட்டறையில் அதை வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. நீல முனையோ தங்க நிற முனையோ (லாந்தனம்), சாம்பல் முனையோ (சீரியம்) அதே வேலையைச் செய்யும். பென்சில் போல, நீளவாக்கில் தீட்ட வேண்டும். ஊசி உருகிய உலோகத்தில் பட்டுவிட்டால் நிறுத்தி மறுபடி தீட்டுங்கள். அப்படியே தொடர்ந்தால் இணைப்பு கெடும்.

இப்போது வாயு. சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு கட்டாமல் ரெகுலேட்டரைத் தொடக் கூடாது. நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் போதும். அதிகம் திறந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. வேகமாக வரும் வாயு சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். 7 கனமீட்டர் சிலிண்டர் என்றால் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் கணக்கில் சுமார் 14 மணி நேரம் தீப்பொறி எரியும். இரவு வால்வை மூடாமல் போனால், சிறு கசிவிலேயே காலைக்குள் பாதி போய்விடக்கூடும். பொதுப் பொருள் அமானத். ஆகவே வந்தவுடனும் போகும்போதும் சிலிண்டர் மீட்டரில் உள்ள எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது கட்டாயம்.

வெல்டிங் முடிந்ததும் டார்ச்சை உடனே தூக்காதீர்கள். சில நொடிகள் வாயு மேலே ஓடட்டும். இணைப்பு வைக்கோல் நிறமாக இருந்தால் நன்று. கறுத்துப் பொரிந்திருந்தால் வாயு சரியாகப் போகவில்லை அல்லது சூடு அதிகம். பைப் வேலையில் உட்பக்கத்துக்கும் ஆர்கான் விட வேண்டும்.

ஆர்கான் விஷமல்ல. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 100-ல் ஏறக்குறைய ஒரு பங்கு அதுதான். ஆனால் காற்றைவிடக் கனமானது. சமையல் கேஸுக்கு வாடை சேர்த்திருக்கிறார்கள். ஆர்கானுக்கு வாடை கிடையாது. டேனரிக் குழி, தண்ணீர்த் தொட்டி, பெரிய டிரம் ஆகியவற்றின் அடியில் அது தேங்கினால், இறங்குபவர் ஓரிரு மூச்சில் மயங்கிவிடுவார். தூக்கப் போகிறவரும் கூடவே விழுவார். இப்படிப்பட்ட இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டால், உள்ளே காற்று செலுத்தும் ஏற்பாடும் ஆக்சிஜன் அளக்கும் கருவியும் மேலே காவலுக்கு ஆளும் இல்லாமல் இறங்காதீர்கள். எவ்வளவு கூலி சொன்னாலும் சரி.

நம் ஊர் வெயிலில் மின்விசிறி இல்லாமல் நிற்பது கஷ்டம். ஆனால் விசிறிக் காற்று ஆர்கானைக் கலைத்துவிடும். அதற்காகக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு வேலை செய்வது அதைவிடப் பெரிய தவறு. எவர்சில்வரில் 100-க்கு 18 பங்கு அளவுக்குக் குரோமியம் இருக்கிறது. டேனரியில் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து மஞ்சள் நீராகக் கசிவது ஆறு இணைதிறன் கொண்டது; அதுதான் கொடியது. எவர்சில்வரை வெல்டு செய்யும் புகையில் உருவாவதும் இந்த இரண்டாம் வகை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. ராட் வெல்டிங்கைவிட டிக்கில் புகை மிகக் குறைவு என்பது உண்மை. கண்ணுக்குத் தெரியாததால் முகத்தை மேலேயே வைத்துக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை. ஆகவே தலைக்கு மேல் விசிறி வேண்டாம். மேஜைக்கு அப்பால், புகையை மெதுவாக வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் வேண்டும். தலையைப் புகைக்கு ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்குள்ள பழைய டேனரிச் சாமான்களைத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். குளோரின் கலந்த கிரீஸ் நீக்கிகளை மட்டும் பட்டறைக்குள் கொண்டு வராதீர்கள். அவற்றின் ஆவியில் தீப்பொறியின் ஒளி பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். அசிட்டோன் போதும். துடைத்த துணியையும் டப்பாவையும் வெளியே வைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே தீப்பொறி. ஷூ ஒட்டும் பசை, தின்னர் டப்பாக்களும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது கண். புகை மறைக்காததால் டிக்கின் ஒளி கடுமையானது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் பாதிப்பு வரும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். உருளைக்கிழங்குத் துண்டு வைப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் வேண்டாம். கண்ணைக் கசக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெல்டருக்கு ஷேடு 10 அளவுள்ள கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை வேண்டும். நைலான் உடை உருகி உடலில் ஒட்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மெஷின் அருகே வர வேண்டாம்.

வளைகுடாவுக்குப் போக நினைக்கும் தம்பிகளுக்கு: பைப் வெல்டர் வேலைக்குப் பல இடங்களில் '6ஜி' தேர்வு வைப்பார்கள். பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பொருத்திவிடுவார்கள். வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். தட்டையான தகட்டில் கை பழகாமல் அதற்குத் தாவ முடியாது. எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் அரசு ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் பயிற்சியில் சேரலாம். மேல்பயிற்சிக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பொதுப் பட்டறை இவற்றுக்கு மாற்றல்ல, கை பழகும் இடம்.

பழகுவதற்கு எவர்சில்வர், சாதா இரும்பு வெட்டுத்துண்டுகள் நிறையத் தேவைப்படுகின்றன. வீட்டிலோ கடையிலோ மீந்தவற்றைக் கொடுத்து உதவலாம். கால்வனைஸ் பைப், தகடு மட்டும் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் கொடுக்கும்.