கரைசலில் விட்டுப்போன செலினியம்

குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால், எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பெருஞ்சிரையில் குழாய் செருகி, சர்க்கரை, கொழுப்பு, அமினோ அமிலம், உப்பு, வைட்டமின் எல்லாவற்றையும் கரைசலாக இரத்தத்திலேயே ஏற்றுகிறார்கள். 1960களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக்கும் டக்ளஸ் வில்மோரும் குடல் சரியாக அமையாமல் பிறந்த ஒரு பச்சைக்குழந்தையை இந்த வழியில் வளரவைத்துக் காட்டினார்கள். அதற்குமுன் அத்தகைய குழந்தைகளுக்குப் பட்டினிச் சாவுதான் விதியாக இருந்தது.

அன்றைய கரைசலில் செலினியம் சேர்க்கப்படவில்லை. அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கால்நடைகளைக் கொல்லும் நஞ்சாகத்தான் அது பலகாலம் அறியப்பட்டிருந்தது. எலிகளின் ஈரலைக் காக்க அது தேவை என்பது 1957இல்தான் தெரிந்தது. செல்களை ஆக்சிஜன் அரிக்காமல் தடுக்கும் குளுட்டாத்தியோன் பெராக்சிடேஸ் என்ற நொதிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது என்பதோ 1973இல் வெளிப்பட்டது. தொடக்கத்தில் பால் புரதம் போன்றவற்றை உடைத்துக் கரைசல் செய்தார்கள். அதில் நுண்தாதுக்கள் சொல்லாமலே கலந்து வந்தன. பிறகு தூய அமினோ அமிலம் வந்தது. கரைசல் சுத்தமானது, தாதுக்களும் சேர்ந்தே கழுவப்பட்டுவிட்டன.

குறை முதலில் நியூசிலாந்தில் பிடிபட்டதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்டு மண்ணிலேயே செலினியம் குறைவு. ஆட்டுக்குட்டிகளின் தசை வெளுத்து நலிவதையும், செலினியம் கொடுத்தால் அது நிற்பதையும் அங்குள்ள ஆட்டுப்பண்ணைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். டனிடின் நகரில் சிரைவழி ஊட்டத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தொடைத் தசைகள் வலித்து, நடக்கவே முடியாமல் போனது. நாளுக்கு 100 மைக்ரோகிராம் செலினியம் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் எழுந்து நடந்தார். வான் ரை, தாம்சன், ராபின்சன் முதலியோர் 1979இல் இதை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்பு அமையவில்லை. அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே சிரைவழி ஊட்டம் பெற்ற 43 வயதுக்காரர் இதயத்தசை கெட்டு இறந்துபோனார். 1981இல் அதைப் பதிவு செய்தவர்கள், செலினியக் குறையோடு தொடர்புடையதாய், சீனாவின் கெஷான் வட்டாரத்துப் பிள்ளைகளையும் பெண்களையும் கொன்ற இதயநோயின் சாயலை அதில் கண்டார்கள். அன்று செலினியக் குறையை முதலில் காட்டிக்கொடுத்தவை தசைவலியும், வெளுத்த நகமும், தளர்ந்த இதயமும்தான்.

இன்று பெரியவர்களுக்கான கரைசலில் நாளுக்கு 60 முதல் 100 மைக்ரோகிராம் வரை சேர்ப்பது வழக்கம். வீட்டில் ஊட்டம் பெறுபவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது, முடிந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிளாஸ்மா எனப்படும் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள செலினியத்தை அளந்து பார்க்கிறார்கள். கருவிகள் துல்லியமானவை, ஒரு சொட்டு இரத்தத்தில் உள்ளதைக்கூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். காய்ச்சலோ, குழாயில் தொற்றோ, அண்மையில் அறுவைச் சிகிச்சையோ இருந்தால் பிளாஸ்மா செலினியம் தானாகவே இறங்கும். உடம்பில் கையிருப்பு போதிய அளவு இருக்கும்போதே அறிக்கை குறை என்று காட்டும். அழற்சியைச் சொல்லும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால்தான் பிளாஸ்மா அளவை நம்பி முடிவெடுக்கலாம் என்று ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். சிரைக்குழாயோடு வாழ்பவர்களுக்குத் தொற்று அடிக்கடி வரும் என்பதால் இந்த எச்சரிக்கை அவர்களுக்கே மிகவும் பொருந்தும்.

அழற்சி தணியாதவர்களுக்குச் சிவப்பணுவில் உள்ள குளுட்டாத்தியோன் பெராக்சிடேஸை அளப்பது உதவும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால் நேற்றைய காய்ச்சல் அதில் அவ்வளவாகத் தெரியாது, கடந்த சில மாதங்களின் நிலைதான் தெரியும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. போதிய செலினியம் கிடைத்ததும் நொதி ஏறுவது நின்றுவிடும். அளவு மிஞ்சிப்போனதை அது காட்டாது. அதற்குப் பிளாஸ்மா அளவுதான் வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த ஊட்டத்தில் இருந்தால், செலினியத்துக்கு இரத்தம் எடுக்கும் அன்றே சி.ஆர்.பி.யும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அறிக்கை வந்ததும் இரண்டையும் சேர்த்துவைத்துப் படிக்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.